துணைவேந்தர் இல்லாத பல்கலைக்கழகம்: கையெழுத்துக்குக் காத்திருந்த கொங்கு நாடு

கோவை மருதமலை சாலையில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் பி. காளிராஜின் மூன்றாண்டுப் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தது. அடுத்தவர் யார் என்ற கேள்விக்கு 2025 நவம்பரிலும் விடை கிடைக்கவில்லை. இடைப்பட்ட காலத்தில் உயர்கல்வித் துறைச் செயலர் தலைமையிலான பொறுப்புக் குழுதான் பல்கலைக்கழகத்தை நடத்தியது. 2022இல் பிளஸ் டூ முடித்து அந்த ஆண்டே இளங்கலையில் சேர்ந்த ஒரு மாணவி முதல் பருவத் தேர்வு எழுதியபோது துணைவேந்தர் கிடையாது. ஆறு பருவமும் எழுதித் தேறி அவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோதும் கிடையாது.

வெள்ளகோவில் வட்டாரத்தை இது நேரடியாகத் தொடுகிற விஷயம். திருப்பூர் மாவட்டத்தின் கலை அறிவியல் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. காங்கேயம் அரசுக் கல்லூரிக்குப் போகிறவர்களானாலும், திருப்பூர் சிக்கண்ணா கல்லூரிக்கோ எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரிக்கோ விடியற்காலையில் பஸ் ஏறுகிறவர்களானாலும், அவர்களுடைய மதிப்பெண் பட்டியலும் பட்டச் சான்றிதழும் காங்கேயம், பல்லடம், சூலூர் தாண்டி மருதமலை அடிவாரத்திலிருந்துதான் வந்து சேர வேண்டும். விசைத்தறியில் இரவு ஷிப்ட் பார்த்து மகளைப் படிக்க வைக்கிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் மூட்டையைக் கொள்முதல் நிலையத்தில் இறக்கிவிட்டு அந்தப் பணத்தில் தேர்வுக் கட்டணம் கட்டுகிறவருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் பிள்ளையின் படிப்புக்கு முத்திரை.

இந்த ஊரின் கடைவீதியில் எல்லாக் கட்சிக்காரரும் உண்டு. 2008 தொகுதி மறுசீரமைப்பு வரை வெள்ளகோவில் தனிச் சட்டமன்றத் தொகுதி; இப்போது காங்கேயத்தோடு சேர்ந்துவிட்டது. 2021இல் காங்கேயத்தில் வென்று அமைச்சரான மு.பெ. சாமிநாதனை இன்றும் ஊர்ப்பெயரைச் சேர்த்து வெள்ளகோவில் சாமிநாதன் என்றுதான் சொல்கிறார்கள். அதே தேர்தலில் பக்கத்துக் கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளையும் அ.தி.மு.க. கூட்டணி பிடித்தது. ஆகவே மாநில அரசுக்கும் வேந்தரான ஆளுநருக்கும் இடையிலான இந்தத் துணைவேந்தர் விவகாரம் பேச்சில் வந்தால் இரண்டு குரல் கேட்கும். “ஓட்டு வாங்கி வந்த கவர்மென்ட்டு சொல்றதக் கேக்காம ஃபைலை வெச்சுட்டு உக்காந்தா எப்படிங்க?” என்பது ஒன்று. “அவங்க கைக்குப் போனா போஸ்ட்டு ஏலத்துக்கு வந்துருமுங்க” என்பது மற்றது.

இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டுக்கும் ஆதாரமும் உண்டு. ஆனால் நியமிக்கும் உரிமை யாருக்கு என்று மூன்றாண்டுகள் வாதிட்ட இரு தரப்பும் ஒரு கேள்வியை எழுப்பவே இல்லை: யாருமே நியமிக்காவிட்டால் என்ன நடக்க வேண்டும்? நம்முடைய பல்கலைக்கழகச் சட்டங்களில் அதற்குத் தெளிவான விடை இல்லை. அதனால்தான் முட்டுக்கட்டை போட்டவர்களுக்கு அது வலிக்கவில்லை. மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்தான் வலித்தது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

உலகத்தில் இது புதிய சண்டை இல்லை. அமெரிக்காவில் அதிபர் நியமிக்கும் முக்கியப் பதவிகளுக்கு செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். சபை விடுமுறையில் இருக்கும்போது மட்டும், ஒப்புதல் இல்லாமலே தற்காலிகமாக ஆள் போட அவர்களுடைய அரசியலமைப்பு அதிபருக்கு அதிகாரம் தருகிறது. குதிரை வண்டியில் உறுப்பினர்கள் ஊர் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆன காலத்தில் எழுதப்பட்ட விதி அது. ஐசனோவர் 1953இல் ஏர்ல் வாரனை இப்படித்தான் தலைமை நீதிபதியாக அமர்த்தினார். பிற்காலத்தில் அதிபர்கள் இந்த வழியைச் செனட்டைச் சுற்றிக்கொண்டு போகப் பயன்படுத்தினார்கள். செனட் தலைவர்கள் பதிலுக்கு ஒரு உத்தியைக் கண்டார்கள். 2007 நவம்பரில், குடியரசுக் கட்சி அதிபர் புஷ்ஷைத் தடுக்க, ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஹாரி ரீட் சபையை ஒத்திவைக்காமலே வைத்திருந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை ஒரே ஓர் உறுப்பினர் வந்து சபையைத் தொடங்கி, ஒரு நிமிடம் ஆவதற்குள் முடித்துவிட்டுப் போவார். காகிதத்தில் சபை நடந்துகொண்டிருக்கிறது; ஆகவே விடுமுறை இல்லை; ஆகவே நியமனமும் இல்லை.

நான்கே ஆண்டுகளில் காட்சி மாறியது. 2012 ஜனவரி 4 அன்று ஜனநாயகக் கட்சி அதிபர் ஒபாமா, இந்தப் பெயரளவுக் கூட்டங்களை மதிக்காமல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்துக்கு மூன்று பேரை நியமித்தார். 2014 ஜூன் 26இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்த நியமனங்கள் செல்லாது என்றார்கள். சபை தானே கூடியிருப்பதாகச் சொன்னால் கூடியிருக்கிறது என்றுதான் பொருள்; பத்து நாளுக்குக் குறைந்த இடைவெளி பொதுவாக இந்த அதிகாரத்துக்குப் போதாது என்பது தீர்ப்பின் சாரம். 2024 நவம்பரில் வென்று வந்த டிரம்ப், செனட் தலைவராக விரும்பும் தன் கட்சிக்காரர் எவரும் விடுமுறைக்கால நியமனத்துக்கு வழிவிட வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டார். தலைவரான ஜான் தூன் அதே கட்சிக்காரர்தான். இருந்தும் 2025இல் செனட் அதற்கு இடம் தரவில்லை. பெயர்களைக் கூட்டாக ஒப்புதல் செய்யும்படி தன் விதியை மாற்றிக்கொண்டதே தவிர, தன் அதிகாரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதிபரின் ஆதரவாளர்களுக்குச் சொந்தக் கட்சித் தலைவர்கள் மேலேயே எரிச்சல்.

அந்த நாட்டு வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி இருக்கிறது. அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1998இல் அவர்கள் காலிப் பணியிடங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். பொறுப்பு அதிகாரி யார் என்பதையும், பொதுவாக 210 நாட்கள்தான் அவர் பொறுப்பில் இருக்கலாம் என்பதையும் அது வரையறுக்கிறது. அதிபர்கள் அதை வளைக்கப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் கணக்குப் பார்க்க ஒரு காலக்கெடு எழுத்தில் இருக்கிறது.

நம் ஊரில் ஏற்பாடு தலைகீழ். இங்கே சட்டமன்றம் நியமனங்களுக்கு ஒப்புதல் தருவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு பெயரை முன்னெடுக்கும். தேர்ந்தெடுக்கப்படாத ஆளுநர் கையெழுத்திடுவார். அங்கே மக்கள் வாக்கில் வந்த அதிபரை மக்கள் வாக்கில் வந்த சபை தடுக்கிறது. இங்கே தடுக்கும் கை ஆளுநர் மாளிகையில் இருக்கிறது. அதனால் நம்முடைய கோபத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆளுநர் ஏன் வேந்தர்? 1857இல் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களைத் தொடங்கிய ஆங்கில அரசு, ஆட்சித் தலைமையில் இருந்தவரையே வேந்தராக்கியது. விடுதலைக்குப் பிறகும் மாநிலங்கள் அதே அச்சில் சட்டம் இயற்றின. 1981இல் இயற்றப்பட்டு 1982இல் நடைமுறைக்கு வந்த பாரதியார் பல்கலைக்கழகச் சட்டமும் அப்படித்தான். வேந்தர் பதவி அரசியலமைப்பு தந்தது அல்ல. மாநிலச் சட்டமன்றம் தந்தது. அரசியலமைப்பில் இல்லாத இத்தகைய சட்டப் பொறுப்புகளை ஆளுநர்கள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று 2010இல் பூஞ்சி ஆணையம் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை கிடப்பிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்த விவகாரத்தில் கட்சிகள் எடுத்த நிலைகளை வரிசையாகப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். ஆளுநர் சென்னா ரெட்டியோடு மோதிய ஜெயலலிதா அரசு 1994இல் முதலமைச்சரையே வேந்தராக்கும் மசோதாவை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வரவில்லை. 2013இல் தொடங்கப்பட்ட இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் முதலமைச்சரே வேந்தர் என்று சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2017 நவம்பர் 14 அன்று ஆளுநர் பன்வாரிலால் புரோகித் கோவைக்கு வந்து அரசு அதிகாரிகளை அழைத்து ஆய்வு நடத்தியபோது, அதே கட்சியின் அமைச்சர்கள் அதை நியாயப்படுத்தினார்கள், எதிர்க்கட்சியான தி.மு.க. மாநில உரிமை பறிபோகிறது என்று கண்டித்தது. 2018 ஏப்ரலில் புரோகித் கர்நாடகத்தைச் சேர்ந்த எம்.கே. சூரப்பாவை அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக்கினார். 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசே சூரப்பா மீது ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையில் விசாரணை வைத்தது. அடுத்த மாதமே மு.க. ஸ்டாலின் அதே ஆளுநரைச் சந்தித்து அ.தி.மு.க. அமைச்சர்கள் மேல் ஊழல் பட்டியல் கொடுத்தார். ஆளுநர் பதவியே வேண்டாம் என்பதில் தி.மு.க. பல்லாண்டாக மாறாமல் நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எதிர்க்கட்சியாக இருக்கும்போது ராஜ்பவன் வாசல் எல்லோருக்கும் தேவைப்பட்டிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் 2022 ஏப்ரல் 25 வந்தது. அன்று ஆளுநர் ஆர்.என். ரவி உதகை ராஜ்பவனில் துணைவேந்தர்கள் மாநாட்டைத் தொடங்கினார். அதே நாள் சென்னையில் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி, துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு மாற்றும் மசோதாவைப் பேரவையில் முன்வைத்து நிறைவேற்றினார். பிரதமரின் சொந்த மாநிலமான குஜராத்தில் மாநில அரசுதானே துணைவேந்தரை நியமிக்கிறது என்று முதலமைச்சர் சுட்டிக்காட்டினார். பா.ஜ.க. எதிர்த்தது. மசோதா ராஜ்பவனுக்குப் போனது, அங்கேயே தங்கிவிட்டது. ஆறு மாதத்தில் காளிராஜின் பதவிக்காலம் முடிந்தது.

பழைய சட்டப்படியே புதியவரைத் தேர்ந்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். தேடல் குழு மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கும், வேந்தர் ஒருவரைத் தேர்வார் என்பதுதான் வழக்கம். அந்தக் குழுவில்தான் சிக்கல் முளைத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி அதன் தலைவர் அனுப்பும் ஒரு பிரதிநிதியும் குழுவில் இருக்க வேண்டும் என்றார் ஆளுநர். எங்கள் சட்டத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றது அரசு. 2023 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார் பல்கலைக்கழகம், ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் மூன்றுக்கும் நான்கு பேர் கொண்ட குழுவை ஆளுநர் தானே அறிவித்தார். அரசு அந்த நான்காமவரை விட்டுவிட்டு மூவர் குழுவை அரசிதழில் வெளியிட்டது. இரண்டு அறிவிப்பும் ஒன்றையொன்று முடக்கின. 2024 ஜனவரியில் ஆளுநர் தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார். பாரதியாருக்கு ஆள் கிடைக்கவில்லை.

இரு தரப்புக்கும் ஆளுக்கொரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கையில் இருந்தது என்பதுதான் இதில் விசேஷம். 2015இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கல்யாணி மதிவாணன் வழக்கில், மாநிலம் ஏற்றுக்கொண்டால் ஒழிய மானியக் குழு விதிமுறைகள் மாநிலப் பல்கலைக்கழகங்களைக் கட்டாயப்படுத்தாது என்று நீதிமன்றம் சொன்னது. 2022 மார்ச்சில் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில், மாநிலச் சட்டம் முரண்பட்டால் மானியக் குழு விதியே மேலோங்கும் என்றது. அந்த வழியிலேயே 2022 அக்டோபரில் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் ரத்தானது. கல்வி 1976இல் பொதுப் பட்டியலுக்குப் போனதன் விளைவு இது. சட்ட வாதம் என்ற அளவில் ஆளுநரின் நிலையை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மூவர் குழுவின் பரிந்துரையில் நியமிக்கப்படுகிறவரை நாளைக்கு எவரேனும் வழக்குப் போட்டு இறக்கிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருந்தது. அந்த ஆபத்தை நீக்க மாநில அரசு ஒரு பிரதிநிதிக்கு இடம் கொடுத்துவிட்டு, கொள்கைச் சண்டையை நீதிமன்றத்தில் தொடர்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை? இங்கேதான் காலியிடம் இரு தரப்புக்கும் தந்த வசதியைப் பார்க்க வேண்டும். துணைவேந்தர் இல்லாதபோது பொறுப்புக் குழுவின் தலைவர் உயர்கல்வித் துறைச் செயலர். அதாவது பல்கலைக்கழகம் நடைமுறையில் துறையின் ஒரு பிரிவாகிவிடுகிறது. அரசு கேட்ட அதிகாரம் சட்டம் திருத்தாமலே பாதி கைக்கு வந்துவிடுகிறது. ஆளுநருக்கோ, தான் விரும்பாத பெயர் வராமல் இருப்பதே வெற்றி. இருவரில் எவரும் அவசரப்பட வேண்டிய தேவை இல்லை.

அந்த வசதிக்கு விலை கொடுத்தது யார் என்பதற்கு ஒரு காட்சி. 2024 அக்டோபரில் பாரதியார் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா நடந்தது. முனைவர் பட்டம் வாங்க மேடையேறிய ஓர் ஆய்வாளர், பட்டத்தை வாங்கியதோடு ஆளுநர் கையில் ஒரு மனுவையும் கொடுத்தார். ஆய்வு மாணவர்களிடம் வழிகாட்டிகள் பணம் எதிர்பார்க்கிறார்கள், வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்பது போன்ற புகார்கள் அதில் இருந்தன. ஒரு பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட புகாரை முதலில் கேட்க வேண்டியவர் துணைவேந்தர். அவர் வளாகத்திலேயே இருப்பவர், துறைத்தலைவரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடியவர், ஆட்சிக்குழுவில் வைக்கக்கூடியவர். அந்த நாற்காலி காலியாக இருந்த இரண்டாவது ஆண்டின் முடிவில், ஓர் ஆய்வாளருக்குப் பட்டமளிப்பு மேடையே முறையிடும் இடமாகிவிட்டது.

பட்டச் சான்றிதழில் செயலர் கையெழுத்திட்டுவிடலாம். ஆனால் வேறு பல வேலைகளைக் குழு செய்துவிட முடியாது. நிரந்தர ஆசிரியர் தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தரே தலைவர். அவர் இல்லாவிட்டால் ஓய்வுபெறும் பேராசிரியர்களின் இடத்தில் தொகுப்பூதிய விரிவுரையாளர்கள்தான் வருவார்கள். புதிய துறை தொடங்குவது, பாடத்திட்டத்தை அடியோடு மாற்றுவது, பெரிய ஆய்வு நிதிக்கு விண்ணப்பித்துப் போராடுவது எல்லாம் ஐந்து ஆண்டு கழித்துப் பலன் தரும் முடிவுகள். அடுத்த மாதம் பொறுப்பில் இருப்போமா என்று தெரியாத குழு அவற்றில் கைவைக்காது. சென்னைத் தலைமைச் செயலகத்தில் நூறு கோப்புக்கு நடுவே மருதமலைக் கோப்பும் ஒன்றாகக் கிடக்கும்.

எதிர்த்தரப்பின் அச்சத்தையும் இதே பல்கலைக்கழகத்தின் கதையிலிருந்தே எடுத்துக் காட்டலாம். 2018 பிப்ரவரியில் அப்போதைய துணைவேந்தரை, உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கிய குற்றச்சாட்டில் லஞ்ச ஒழிப்புத் துறை அவருடைய வீட்டிலேயே கைது செய்தது. அதன் பிறகு காளிராஜ் வரும் வரை ஒன்றரை ஆண்டுக்கு மேல் பாரதியாரில் பொறுப்புக் குழுதான். தமிழ்நாட்டில் துணைவேந்தர் பதவி 40 கோடி, 50 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது என்று புரோகித், பஞ்சாப் ஆளுநராக இருந்தபோது 2022 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். அப்படியானால் தடுக்க வேண்டிய வேந்தர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்ற கேள்வி அவருக்கும் அவருக்கு முன்னிருந்தவர்களுக்கும் உரியது. கடைவீதியில் “ஏலத்துக்கு வந்துருமுங்க” என்று சொல்கிறவர் வதந்தியைச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஏலம் நடந்ததாகச் சொல்லப்பட்ட காலத்திலும் கையெழுத்திடும் அதிகாரம் ஆளுநரிடம்தான் இருந்தது என்பதை அவர் சேர்த்துச் சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்தோடு இது நிற்கவில்லை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவர் கா. பாலச்சந்திரன் 2022 ஜூனில் ஓய்வுபெற்றார். உறுப்பினர் சி. முனியநாதன் பொறுப்பேற்றார். 2023இல் அரசு, ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைவர் சி. சைலேந்திர பாபுவின் பெயரை அனுப்பியது. தேர்வு முறை வெளிப்படையாக நடந்ததா என்று கேள்வி எழுப்பி ஆளுநர் கோப்பைத் திருப்பினார். விளக்கம் அனுப்பியும் ஏற்கவில்லை. 2024 ஆகஸ்ட்டில் எஸ்.கே. பிரபாகர் நியமிக்கப்படும் வரை முழுநேரத் தலைவர் இல்லை. 14 உறுப்பினர் இடங்களில் 10 காலி என்பதை 2023 நவம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றமே கவலையோடு குறிப்பிட்டது.

இதில் காலமே எப்படி முடிவெடுத்துவிடுகிறது என்று பாருங்கள். அரசியலமைப்பின் 316ஆம் பிரிவின்படி மாநிலத் தேர்வாணையப் பதவி 62 வயதோடு முடியும். 60 வயதில் ஓய்வுபெறும் ஒருவர் பெயரை அனுப்பிவிட்டு, கோப்பு ஓர் ஆண்டு சுற்றினால் அவருக்குக் கிடைக்கும் காலத்தில் பாதி போய்விடும். மறுத்தேன் என்று எவரும் எழுத வேண்டியதில்லை, தாமதமே மறுப்பு. காங்கேயத்திலும் வெள்ளகோவிலிலும் நூலக மேசையில் குரூப் 2, குரூப் 4 கையேடுகளோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் காலம் எப்படிப்பட்டது என்று தெரியும். 2023 பிப்ரவரி 25இல் எழுதிய குரூப் 2 முதன்மைத் தேர்வின் முடிவு 2024 ஜனவரியில்தான் வந்தது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஆணையத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நாற்காலி காலியாக இருந்ததைச் சாதாரணம் என்று சொல்ல முடியாது.

கடைசியில் எல்லாம் நீதிமன்றத்துக்குப் போனது. 2020 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை அனுப்பிய 12 மசோதாக்கள் ராஜ்பவனில் கிடப்பதாகத் தமிழ்நாடு வழக்குப் போட்டது. அவற்றில் இரண்டு அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை, கால்நடை, மீன்வளப் பல்கலைக்கழகங்களை ஆய்வு செய்யும் அதிகாரத்தை வேந்தரிடமிருந்து அரசுக்கு மாற்றுகிறவை. வழக்கு விசாரணைக்கு வந்த பிறகு, 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் 10 மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்திவைத்தார். ஐந்தே நாளில், நவம்பர் 18 அன்று சிறப்புக் கூட்டம் போட்டுப் பேரவை அவற்றை மறுபடி நிறைவேற்றியது. அ.தி.மு.க. காலத்து மசோதாக்களைத் தி.மு.க. ஆட்சி மீண்டும் நிறைவேற்றிய அந்த நாளில் அ.தி.மு.க. வெளிநடப்பு செய்தது. நவம்பர் 28 அன்று ஆளுநர் பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார்.

2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று தீர்த்து, அரசியலமைப்பின் 142ஆம் பிரிவின் கீழ் பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகக் கருதப்படும் என்று அறிவித்தார்கள். ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் வகுத்தார்கள். ஏப்ரல் 11 அன்று அரசிதழில் அவை சட்டங்களாயின. ஆளுங்கட்சியினரின் மகிழ்ச்சி ஆறு வாரம்தான் நீடித்தது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் விடுமுறைக்கால அமர்வு, துணைவேந்தர் நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. நவம்பர் 20 அன்று, குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளுக்குத் தலைமை நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான ஐவர் அமர்வு தன் ஆலோசனைக் கருத்தைத் தந்தது: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் பெற்றதாகக் கருதும் முறை அரசியலமைப்பில் இல்லை. ஆனால் காரணமில்லாமல் முடிவின்றி இழுத்தடித்தால், முடிவெடுக்கச் சொல்லி நீதிமன்றம் அளவோடு தலையிடலாம்.

காலக்கெடு வேண்டும் என்கிற ஏப்ரல் தீர்ப்பின் பக்கமே என் மனம் நிற்கிறது. மாநில மக்களின் வரிப்பணத்தில், மாநிலச் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு யார் தலைவர் என்பதில், மக்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒருவர் கால வரையின்றி மௌனம் காக்கும் உரிமை இருக்கவே கூடாது. இந்த இழுபறியில் பெரிய பங்கு ராஜ்பவனுக்குத்தான். ஆனால் நீதிமன்றம் கொடுத்தாலும் எடுத்தாலும், நம் சட்டங்களில் உள்ள ஓட்டை அப்படியே இருக்கிறது. மேற்கு வங்கத்தில் இதே சண்டை முற்றி, 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் முன்னாள் தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையில் குழு அமைத்துத் துணைவேந்தர்களைத் தேட வேண்டியதாயிற்று. கேரளத்தில் 2025 ஆகஸ்ட்டில் முன்னாள் நீதிபதி சுதான்ஷு தூலியாவிடம் அந்த வேலை போனது. துணைவேந்தரைத் தேடுவது நீதிமன்றத்தின் வேலையாகிப்போவது எந்த அரசுக்கும் எந்த ஆளுநருக்கும் மரியாதை இல்லை.

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடல் குழு அமைந்தாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதலாம். இடம் காலியானால் பொறுப்பு துறைச் செயலருக்குப் போகாமல், அந்தப் பல்கலைக்கழகத்தின் பணிமூப்புப் பட்டியலில் முதலில் நிற்கும் பேராசிரியருக்குப் போகட்டும். அதற்கும் அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோல நாள் கணக்கு இருக்கட்டும். அந்த நாளுக்குள் வேந்தர் எழுத்தில் காரணம் சொல்லித் திருப்பாவிட்டால், குழு முதலிடம் தந்த பெயரே நியமனமாகட்டும். இதில் இரு தரப்பும் கொஞ்சம் இழக்கும். அரசு பொறுப்புக் குழு வழியே கிடைக்கும் பிடியை இழக்கும். ஆளுநர் மௌனத்தால் கிடைக்கும் பிடியை இழப்பார். இந்தத் திருத்தத்துக்கும் ஆளுநரின் ஒப்புதல் வேண்டும் என்பது தெரியும். ஆனால் தன் அதிகாரத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டு ஓர் அரசு கொண்டுவரும் மசோதாவை மறுப்பது, எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்ளும் மசோதாவை மறுப்பதுபோல் எளிதாக இருக்காது.

வெள்ளகோவில் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்தாலும், துணைவேந்தரை யார் நியமிக்க வேண்டும் என்று அவரிடம் கேட்க வேண்டாம். அதற்கு எல்லோரிடமும் பதில் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் நியமிப்பீர்கள், அதற்குள் முடியாவிட்டால் பல்கலைக்கழகத்தை யார் நடத்துவார்கள், அதை எந்தச் சட்டத்தில் எழுதித் தருவீர்கள் என்று கேளுங்கள்.